முதலாளியின் கல்யாணத்தை நிறுத்திய நாள்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளே,

போன வாரம் உங்கள் மேனேஜர் எனக்குப் போன் செய்தார். "பிலோமினா அக்கா, புதுசா வந்த பிள்ளைங்களுக்கு உங்க அனுபவத்த ஏதாச்சும் எழுதிக் குடுங்களேன்" என்றார். ஓய்வு பெற்றவளுக்கு இப்படி ஓர் அழைப்பு வந்தால் முதலில் பெருமையாக இருக்கிறது. அப்புறம் உட்கார்ந்து யோசித்தால் பயமாக இருக்கிறது. கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்யும் முறையை நான் உங்களுக்குச் சொல்லித் தர முடியாது. நான் எழுதி முடிப்பதற்குள் அது மாறிவிடும். கெடுதல் செய்யும் மென்பொருள்களுக்கு இப்போது விதவிதமான பெயர்கள் வைத்திருக்கிறார்கள். நம் வாடிக்கையாளர்களுக்கு எல்லாமே வைரஸ்தான். நானும் அப்படியே எழுதிவிடுகிறேன்.

மாறாதது ஒன்று உண்டு. நீங்கள் எந்த அலுவலகத்துக்குள் நுழைந்தாலும் முதலில் காதில் விழப்போகும் வாக்கியம், "நான் ஒண்ணுமே அமுக்கல" என்பதுதான். கணக்கு எழுதும் கிராணி சொல்வார், மேனேஜர் சொல்வார், வக்கீல் சொல்வார். ஒரு பல் கிளினிக்கில் டாக்டரம்மா ஒருவர், நோயாளிகள் எல்லாம் ராத்திரி பல் துலக்குவதாகத் தன்னிடம் பொய் சொல்கிறார்கள் என்று குறைப்பட்டுக்கொண்டே, தன் கம்ப்யூட்டரில் எதையும் இறக்கவில்லை என்று என்னிடம் சத்தியம் செய்தார். அவருக்குப் பின்னால் திரையில் ஜாதகப் பொருத்தம் பார்க்கும் மென்பொருள் ஒன்று சக்கரம் சக்கரமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

இவர்கள் கெட்டவர்கள் இல்லை. பயந்தவர்கள். பயந்தவர்களிடம் என்ன கேட்பது, எப்போது கேட்பது, எதைக் கேட்காமல் விடுவது என்பதுதான் நம் வேலையில் பாதி. அதை நான் கற்றுக்கொண்டது வெங்காயம் இறக்குமதி செய்யும் ஓர் அலுவலகத்தில். அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். யார் என்று கண்டுபிடித்தாலும் வெளியில் சொல்லாதீர்கள்.

தீபாவளிக்கு முந்தைய வாரம் அது. ஜெலுத்தோங்கில் என் ஃபிளாட்டில் பசியாறிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. சந்திரன் முதலாளி.

"பிலோமினா! உடனே வாங்க! என் கல்யாணத்த நிறுத்தணும்!"

ரொட்டியைத் தட்டில் வைத்தேன். "யாரு கல்யாணத்த, பாஸ்?"

"என் கல்யாணத்த!"

"அப்படியா? வாழ்த்துகள் பாஸ்..."

"வாழ்த்தாதீங்க! காலையிலேருந்து ஊரே வாழ்த்திக்கிட்டு இருக்கு!"

சந்திரன் முதலாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தியாவிலிருந்து வெங்காயம், காய்ந்த மிளகாய், பருப்பு எல்லாம் கொண்டுவந்து விற்பவர். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தங்கைகளைக் கரையேற்றினார், வியாபாரத்தைக் கரையேற்றினார், அதற்குள் தலை முழுக்க வழுக்கையாகிவிட்டது. கோபக்காரர். ஆனால் சம்பளம் ஒரு நாள் தள்ளிப் போனதில்லை. அந்த ஒரு குணத்துக்காகவே ஆட்கள் அவர் கத்துவதைக் காற்றாக எடுத்துக்கொண்டு கூடவே இருந்தார்கள்.

நடந்தது இதுதான். அன்று விடிந்ததும் அவருடைய வாட்ஸ்அப் எண்ணிலிருந்து, அதில் இருக்கும் எல்லோருக்கும் ஒரு செய்தி போயிருந்தது. 'எங்கள் கல்யாணத்துக்கு அவசியம் வாருங்கள். பத்திரிகை இணைப்பில்' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி, கூடவே ஒரு ஃபைல். சப்ளையர்கள், லோரி ஓட்டுநர்கள், கோயில் கமிட்டி, உறவுக்காரர்கள், ஆபீசுக்குக் கீழே சோறும் கறியும் விற்கும் நாசி கண்டார் கடைக்காரர், ஆபீஸ் ஆட்கள், ஒருவர் பாக்கியில்லை. போனில் தொட்டால் அந்த ஃபைல் திறக்காது. கம்ப்யூட்டரில் திறந்தால் அழகான ஒரு பத்திரிகை தெரியும். அது தெரிந்துகொண்டிருக்கும்போதே வைரஸ் பின்வாசல் வழியாக உள்ளே வந்து உட்கார்ந்துவிடும். அதற்குப் பிறகு தட்டும் பேங்க் பாஸ்வேர்டெல்லாம் அதை அனுப்பிய திருடனுக்குப் போய்விடும்.

போனிலேயே சொன்னேன்: "பாஸ், எல்லாரையும் கம்ப்யூட்டர்லேருந்து கைய எடுக்கச் சொல்லுங்க. நெட் வயரக் கழட்டுங்க. வைஃபை பெட்டிய அணைங்க. கம்ப்யூட்டர மட்டும் அணைக்காதீங்க. நான் வரேன்."

மோட்டார் சைக்கிளை எடுத்தேன். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு பழைய கடைவீடு. கீழே நாசி கண்டார், மேலே முதலாளியின் ஆபீஸ். அங்கே இருந்த கம்ப்யூட்டர் எதைத் திறந்தாலும் உள்ளே மீன்கறி வாசம் அடிக்கும். படியேறிப் போனபோது ஆபீஸ் அடுப்பு மாதிரி கொதித்துக்கொண்டிருந்தது. வைஃபை பெட்டி எது என்று தெரியாமல், ஒரு பக்கச் சுவரில் சொருகியிருந்த அத்தனை பிளக்கையும் முதலாளி பிடுங்கிவிட்டிருந்தார். ஏர்கோன் நின்றுவிட்டது. அவருடைய பெரிய மீன் தொட்டியின் மோட்டாரும் நின்றுவிட்டது. விற்பனை பார்க்கும் முருகேஷ் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, தொட்டிக்குள் கையை விட்டுத் தண்ணீரைக் கலக்கிக்கொண்டிருந்தான்.

"மீனுக்குக் காத்து வேணும்னு பாஸ் சொன்னாருக்கா" என்றான்.

முதலாளி நடு ஹாலில் நின்று கத்திக்கொண்டிருந்தார். "எவன் தெறந்தது? எவன் தெறந்ததுன்னு கேக்கறேன்! பேரைச் சொல்லுங்க, இன்னிக்கே வீட்டுக்கு அனுப்பறேன்!"

"நான் ஒண்ணுமே அமுக்கல பாஸ்" என்றான் முருகேஷ், தொட்டிக்குள்ளிருந்து கையை எடுக்காமல்.

"நானும் இல்ல பாஸ்" என்றாள் ரூபிணி. சுங்கப் பத்திரங்கள் பார்ப்பவள், எல்லோரிலும் சின்னவள்.

கணக்குப் பார்க்கும் கமலா தன் கண்ணாடி அறை வாசலில் நின்றார். நாற்பத்தைந்துக்கு மேல் இருக்கும். கஞ்சி போட்ட பருத்திப் புடவை, ஒரு முடிகூடக் கலையாத கொண்டை. போன மாதம்தான் "தெரியாத ஃபைல எவனாச்சும் தெறந்தா கைய ஒடிப்பேன்" என்று ஆபீஸ் முழுக்கக் கூட்டம் போட்டுச் சொன்னவர். அவர் எதுவும் சொல்லவில்லை. அவரிடம் கேட்கவும் யாருக்கும் தோன்றவில்லை.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். உங்களில் கெட்டிக்காரர்கள் இதற்குள் கண்டுபிடித்திருப்பீர்கள். செய்தி முதலாளியின் எண்ணிலிருந்து கிளம்பியிருக்கிறது. அப்படியென்றால் முதலில் படுத்தது, வாட்ஸ்அப்பைத் திறந்தே வைத்திருக்கும் முதலாளியின் கம்ப்யூட்டர்தான். வேறு எவனும் இல்லை. எனக்கு அது போனில் பேசும்போதே தெரியும். வாய்வரை வந்தது. சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? தான் இல்லை என்று நிரூபிக்க அவர் மத்தியானம் வரை வாதாடியிருப்பார். அவரோடு சண்டை போட அப்போது எனக்கு நேரமில்லை. உண்மை எங்கேயும் ஓடிவிடாது. திருடன்தான் ஓடுவான்.

அந்த நேரம் அவர் போன் மறுபடி அடித்தது. தைப்பிங்கில் இருக்கும் அவருடைய அக்கா, அன்று இரண்டாவது தடவையாக. அவசரத்தில் ஸ்பீக்கரைத் தொட்டுவிட்டார் போலிருக்கிறது, அந்த அம்மாவின் அழுகை ஹால் முழுக்கக் கேட்டது.

"கூடப் பொறந்தவகிட்டகூடச் சொல்லாம பத்திரிக அடிச்சிட்டியேடா! பொண்ணு எந்த ஊரு?"

"அக்கா, பொண்ணே இல்லக்கா!"

"பொண்ணே இல்லாம எதுக்குடா பத்திரிக அடிச்ச?"

இதுதான் சமயம் என்று நான், "பாஸ், உள்ள போய் உக்காந்து, ஒருத்தர் விடாம எல்லாருக்கும் போன் பண்ணி அந்த ஃபைலத் தெறக்காதீங்கன்னு சொல்லுங்க. இத நீங்க மட்டும்தான் செய்ய முடியும்" என்றேன். பொய்யில்லை. உண்மையிலேயே செய்ய வேண்டிய வேலைதான். கத்துகிறவரைச் சும்மா இருக்கச் சொல்லாதீர்கள், அவரால் முடியாது. அவருக்கு ஒரு வேலை கொடுங்கள். அவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளேயிருந்து, "இல்ல செட்டியாரே, கல்யாணம் இல்ல... இல்ல, முறிஞ்சு போகல, ஆரம்பிக்கவே இல்ல" என்று குரல் வந்துகொண்டிருந்தது.

ரூபிணி என் சட்டையைப் பிடித்தாள். கண்ணில் தண்ணீர். "அக்கா, பட்டர்வொர்த் போர்ட்ல வெங்காயக் கண்டெய்னர் நிக்குதுக்கா. இன்னிக்குப் பத்திரம் அனுப்பலன்னா வெளிய எடுக்க முடியாது. லோரி வேற வந்து நிக்குது. என் கம்ப்யூட்டருக்கு மட்டும் நெட் குடுங்கக்கா. நான் எதையும் தெறக்கல, சத்தியமா."

தீபாவளி வெங்காயம். அந்த வெயிலில் இரும்புப் பெட்டிக்குள் இன்னும் ஒரு நாள் கிடந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். பாவமாக இருந்தது. ஆனாலும் நெட் கொடுக்கவில்லை. ஒருத்தி சத்தியம் செய்கிறாள் என்பதற்காகக் கம்ப்யூட்டர் சுத்தமாகிவிடாது. அவள் வேலை நிற்கவும் கூடாது. என் பையிலிருந்த மடிக்கணினியை எடுத்து, என் போனிலிருந்தே நெட் கொடுத்து, அவளை மாடிப்படியில் உட்கார வைத்தேன், அங்கேதான் கொஞ்சம் காற்று வந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே முதலிலிருந்து எல்லாவற்றையும் தட்ட ஆரம்பித்தாள். 'முடியாது' என்று சொல்லும்போது கையில் ஏதாவது இருக்க வேண்டும் பிள்ளைகளே. வெறும் 'முடியாது' சொல்கிறவர்களைச் சுற்றிக்கொண்டு போக ஆட்கள் எப்படியும் வழி கண்டுபிடித்துவிடுவார்கள்.

இனி, யார் யார் திறந்தார்கள் என்று தெரிய வேண்டும். எல்லாக் கம்ப்யூட்டரையும் ஒவ்வொன்றாகச் சோதிக்கலாம், அதற்குப் பொழுது போய்விடும். எதை முதலில் பார்ப்பது என்று தெரிந்தால்தான் பணத்தைக் காப்பாற்றலாம். ஆனால் "இன்னிக்கே வீட்டுக்கு அனுப்பறேன்" என்று ஒருவர் கத்திவிட்டுப் போன ஹாலில், "யார் தெறந்தது?" என்று இன்னொரு தரம் கேட்டால் எவன் வாயைத் திறப்பான்?

ஜன்னல் வழியாகக் கீழே எட்டி, கடைக்காரரிடம் எல்லோருக்கும் தே தாரிக் தேநீர் கேட்டேன். அவரே தட்டோடு மேலே வந்துவிட்டார். பத்திரிகை அவருக்கும் போயிருந்ததே! "முதலாளி எங்க? ஒரு வாழ்த்துச் சொல்லிட்டுப் போறேன்" என்று கழுத்தை நீட்டினார். "விருந்துக்குப் பிரியாணி நம்ம கடையிலதானே?" அவரை அனுப்பிவைப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது.

ஆளுக்கொரு கிளாஸ் எடுத்துக்கொண்டார்கள். கமலாவும் அறையிலிருந்து வந்து எடுத்துக்கொண்டார். நான் ஒரு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, கல்யாண வீட்டில் கேட்கிற மாதிரி மெதுவாகக் கேட்டேன்:

"அது சரி, பொண்ணு எப்படி?"

முருகேஷுக்குத் தாங்கவில்லை. "பொண்ணு அழகுதாங்க்கா. பச்சைக் கவுன் போட்டுக்கிட்டு, கையில பூ வெச்சிக்கிட்டு..."

"பச்சையா?"

"பச்சைதான். நம்ம பொண்ணு மாதிரி இல்ல. சரி, பாஸ் வேற எங்கயோ பாத்திருக்காருன்னு நெனச்சேன். மாப்பிள்ள முதுகு காட்டி நின்னாரு. தலை நெறைய முடி! அதான் எனக்கு லேசா சந்தேகம் வந்துச்சு."

"சந்தேகம் வந்து?"

"விக் வெச்சிருப்பாருன்னு நெனச்சிட்டேன்" என்றான். அப்புறம்தான் தான் என்ன சொல்லிவிட்டோம் என்று உறைத்தது. கிளாஸ் உதட்டிலேயே நின்றது. நான் எதுவும் கேட்காதது மாதிரி தேநீரை ஆற்றினேன். ரூபிணி மாடிப்படியிலிருந்தே, "ஏன்ணே எனக்குக் காட்டல? என் போன்ல தெறக்கவே இல்ல" என்று கத்தினாள். அவள் கம்ப்யூட்டர் தப்பித்தது என்று மனதில் ஒரு கோடு போட்டுக்கொண்டேன்.

கமலாவுக்கு முருகேஷ் மேல் பொங்கிக்கொண்டு வந்தது. "அறிவிருக்கா ஒனக்கு? இத்தன வருஷமா அவரப் பாக்கற. பாஸ் என்னிக்காவது வலது கையில வாட்ச் கட்டியிருக்காரா?"

முருகேஷ் தலையைக் குனிந்துகொண்டான். திட்டு வாங்குகிற அவசரத்தில் அவன் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். பச்சைக் கவுனைப் பற்றிப் பேசினோம், முடியைப் பற்றிப் பேசினோம். வாட்ச்சைப் பற்றி அந்த ஹாலில் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அவசரப்படவில்லை. தேநீரைக் குடித்து முடித்தேன். "கமலா, ஒரு பில் சந்தேகம் இருக்கு, உள்ள வரட்டுமா?" என்று கேட்டு, அவர் பின்னாலேயே கண்ணாடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன்.

"கமலா, பில்லெல்லாம் ஒண்ணுமில்ல. இன்னிக்குக் காலையில பேங்க்ல உள்ள போனீங்களா?"

"போனேங்க்கா. நாளைக்குச் சம்பளம் போடணும்ல, எல்லாம் தயார் பண்ணி வெச்சேன்."

"பத்திரிகையப் பாத்த பிறகா, முன்னாலயா?"

அவர் முகம் சிவந்தது. அப்புறம் வெளுத்தது. முதலில் கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்படவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து புடவைத் தலைப்பின் நுனியைச் சுருட்டிக்கொண்டே இருந்தார்.

"முன்னாடியே பாத்துட்டேங்க்கா" என்றார், எனக்கே சரியாகக் கேட்காத குரலில். "ஆபீசுக்கு வந்ததும் மொத வேலையா அதத்தான் தெறந்தேன். தெறக்கக்கூடாதுன்னு எனக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் தெறந்தேன். அந்த ஆளு வாட்ச்சப் பாத்ததும் இது இவரு இல்லேன்னு தெரிஞ்சு போச்சு. அப்பாடான்னு இருந்துச்சு. மூடிட்டேன்."

'அப்பாடா' என்ற வார்த்தையை நான் கேட்டேன். அதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. நமக்கு அந்த அறையில் தேவையாக இருந்தது ஒரே ஒரு விஷயம்: பேங்க் பாஸ்வேர்ட் தட்டிய நேரத்தில் வைரஸ் உள்ளே இருந்ததா. இருந்தது. மற்றது நம் தொழில் இல்லை.

"யார்கிட்டயும் சொல்லாதீங்க்கா" என்றார்.

"சொல்ல மாட்டேன். ஆனா பேங்க்க இந்த நிமிஷமே நிறுத்தணும்."

அந்தக் கம்பெனியில் பணம் அனுப்புவதைத் தயார் செய்வது கமலா, ஒப்புதல் கொடுப்பது முதலாளி. இரண்டு பூட்டு என்று நாம்தான் ஏற்பாடு செய்து கொடுத்திருந்தோம். அன்று இரண்டு பூட்டின் சாவியும் திருடன் கைக்குப் பக்கத்தில் கிடந்தது.

முதலாளியின் அறைக்குள் போனேன். யாருக்கோ, "பொண்ணு வீட்டுல தப்பே இல்ல, ஏன்னா பொண்ணு வீடே இல்ல" என்று விளக்கிக்கொண்டிருந்தார். போனை வாங்கி வைத்தேன்.

"பாஸ், பேங்க்குக்குப் போன் பண்ணுங்க. கணக்க முடக்கச் சொல்லுங்க. இப்பவே."

"முடக்கறதா? நாளைக்குச் சம்பளம்! தீபாவளி! எதுக்கு முடக்கணும்? எந்தக் கம்ப்யூட்டரு? யாரு?"

"காரணம் அப்புறம் சொல்றேன்."

"யாருன்னு சொன்னாத்தான் பண்ணுவேன்!"

"சம்பளம் லேட்டானா உங்கள நாலு நாள் திட்டுவாங்க. பணமே போயிட்டா எதுல பாஸ் சம்பளம் போடுவீங்க?"

என்னை முறைத்தார். பிறகு போனை எடுத்தார். பேங்க்கில் பாட்டுப் போட்டுக் காக்க வைத்தார்கள். அந்தப் பாட்டு ஓடிய நேரம் என் வாழ்க்கையிலேயே நீளமான பாட்டு நேரம். முதலாளியின் வழுக்கையில் வியர்வை முத்து முத்தாக நின்றது. கடைசியில் ஒரு பெண் வந்து விவரம் எல்லாம் கேட்டுவிட்டு, கணக்கைப் பார்த்துச் சொன்னாள்: காலையில் புதிதாக ஒரு பெயர் சேர்க்கப்பட்டிருக்கிறது. அந்தப் பெயருக்கு ஒரு பெரிய தொகை போவதற்குத் தயாராக இருக்கிறது. ஒப்புதல் மட்டும்தான் பாக்கி.

முதலாளி மெதுவாகப் போனை மேசையில் வைத்தார். கணக்கை முடக்கிவிட்டார்கள்.

"பிலோமினா" என்றார். "காலையில என் போன்ல ஒப்புதல் கேட்டு ஒண்ணு வந்துச்சு. சம்பளம்னு நெனச்சேன். வெரல வெச்சிட்டேன், அமுக்கப் போறேன், அப்பத்தான் தைப்பிங் அக்கா போன் பண்ணி அழுதா."

உலகத்தில் எவ்வளவோ பாதுகாப்பு ஏற்பாடுகள் விற்கிறார்கள். அன்று அந்தக் கம்பெனியைக் காப்பாற்றியது கல்யாணத்துக்குக் கூப்பிடவில்லை என்று கோபித்துக்கொண்ட ஓர் அக்கா. இதை எந்த அறிக்கையில் எழுதுவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

இப்போதுதான் அவர் நிதானத்துக்கு வந்திருந்தார். இப்போதுதான் சொல்ல முடியும். அவருடைய கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினேன். முந்தைய நாள் சாயங்காலம் சுங்கைப் பட்டாணியிலிருந்து ஒரு வாடிக்கையாளரின் எண்ணில் அவருக்கு ஒரு கல்யாணப் பத்திரிகை வந்திருந்தது. அதே ஃபைல். திறந்திருந்தார்.

"முதல்ல தெறந்தது இதுதான், பாஸ். இங்கேருந்துதான் எல்லாருக்கும் போச்சு."

கத்துவார் என்று ஓர் அடி தள்ளியே நின்றேன். கத்தவில்லை. கைக்குட்டையால் தலையைத் துடைத்தார்.

"ஒண்டி ஆளு பாருங்க" என்றார். "கல்யாணத்துக்கு என்னை யாரும் அவ்வளவா கூப்பிட மாட்டாங்க. கணக்குக்கு மொய் மட்டும் வாங்கிக்குவாங்க. ஒருத்தர் பத்திரிக அனுப்பிக் கூப்பிடறாரேன்னு ஆசையா தெறந்துட்டேன்."

ஹாலுக்குப் போய் மீன் தொட்டியின் பிளக்கைச் சொருகினேன். அது ஒன்றுதான் எனக்குச் செய்யத் தோன்றியது.

அவரும் எழுந்து வெளியே வந்தார். அவரைக் கண்டதும் முருகேஷ் எழுந்து நின்றுவிட்டான். பாலத்துக்கு அந்தப் பக்கம் பத்து காவானில் இருக்கும் சரக்கு ஸ்டோரும் கேட்கட்டும் என்று, ஸ்டோர் பார்க்கும் பாலாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. அந்த ஃபைல மொதல்ல தெறந்தது நான்தான். என்கிட்டேருந்துதான் உங்களுக்கு வந்துச்சு. யாரையும் வீட்டுக்கு அனுப்ப மாட்டேன். அனுப்பணும்னா என்னைத்தான் மொதல்ல அனுப்பணும்."

பிறகு முருகேஷ், "நானும் தெறந்தேன் பாஸ்" என்றான்.

"ஒன்னைத்தான் தெரியுமே" என்றார் முதலாளி.

அடுத்து, யாரும் எதிர்பார்க்காமல், போனிலிருந்து பாலாவின் குரல் வந்தது. "பாஸ்... இங்க ஸ்டோர் கம்ப்யூட்டர்லயும் தெறந்தேன் பாஸ். மொத தடவ பொண்ணு மொகம் சரியாத் தெரியல. அதனால ரெண்டாவது தடவையும் தெறந்தேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த ஸ்டோர் கம்ப்யூட்டர் என் நினைவிலேயே இல்லை. இங்கே எல்லாவற்றையும் துடைத்து முடித்து நெட்டைத் திரும்பக் கொடுத்திருந்தால், அது பாலத்தைத் தாண்டி வந்து முதலிலிருந்து ஆரம்பித்திருக்கும். என் தே தாரிக் தந்திரத்தில் கிடைத்தது இரண்டு பேர்தான். முதலாளி தன் பெயரைச் சொன்னதும் அகப்படாததும் வந்து விழுந்தது. "பாலா, வயரக் கழட்டு, எதையும் தொடாத" என்று போனுக்குள் கத்தினேன்.

மாடிப்படியிலிருந்து ரூபிணி ஓடி வந்தாள். பத்திரம் போய்விட்டது, வெங்காயத்தை விட்டுவிட்டார்கள். முகத்தில் மை எல்லாம் கரைந்து கிடந்தது, சிரிப்பும் அதற்கு மேல். சம்பளத்துக்கு வழி முதலாளியே சொன்னார்: மத்தியானமே பேங்க்குக்கு நேரில் போய்க் கையெழுத்துப் போட்டு வாங்கிவிடலாம். "கமலா, நீங்களும் வரணும். ரெண்டு பேர் கையெழுத்தும் கேப்பாங்க."

"வரேன்" என்றார் கமலா. அறை வாசலிலிருந்து நகரவில்லை. நான் அவரைப் பார்க்காமல் வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். நான் வாக்குக் கொடுத்துவிட்டேன். அவர் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. அவருடைய கம்ப்யூட்டரை வேறு ஏதாவது சாக்குச் சொல்லித் தூக்கிக்கொண்டு போயிருப்பேன்.

"பாஸ்" என்றார். "நானும் தெறந்தேன்."

முருகேஷ் வாயைப் பிளந்தான். முதலாளி திரும்பினார். கோபமே இல்லை அவரிடம், நிஜமான ஆச்சரியம்தான்.

"நீங்களா? நீங்க எதுக்குத் தெறந்தீங்க?"

கமலா கொண்டையை ஒரு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "பொண்ணு யாருன்னு எனக்குத் தெரியணும்ல" என்றார்.

முதலாளி கைக்குட்டையை எடுத்து, காய்ந்துபோயிருந்த தலையை மறுபடி துடைத்தார்.

கெட்டுப்போன கம்ப்யூட்டர்களை நான் மறுநாள் வந்து எடுத்துக்கொள்வதாகச் சொன்னேன். யாருக்கும் காதில் விழுந்த மாதிரி தெரியவில்லை. முருகேஷின் முதுகில் ஒரு தட்டுத் தட்டி, ரூபிணியின் கையைப் பிடித்து, "வாங்க, கீழே போய்ச் சாப்பிடலாம்" என்று இரண்டு பேரையும் படியிறக்கிக்கொண்டு போனேன். எங்கள் பின்னால் நானே கதவைச் சாத்தினேன்.